ஹேர் பேட்ச்: வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா, சலூனை நம்பியிருப்பதா?

ஹேர் பேட்ச் என்பது வழுக்கையை மறைக்கத் தலையில் டேப்பால் ஒட்டியோ கிளிப்பால் மாட்டியோ வைக்கும் முடி. அதை வைத்துவிடும் சலூனில் முடி எப்படிப்பட்டது, முடியைக் கட்டியிருக்கும் அடிப்பகுதியான பேஸ் எப்படிப்பட்டது, எத்தனை மாதம் வரும் என்று எல்லாம் விளக்கமாகச் சொல்வார்கள். அதைக் கழற்றுவது எப்படி என்று மட்டும் பெரும்பாலும் சொல்லித்தர மாட்டார்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ணே, மாசம் ஒரு தடவை வந்துருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரிய நகரத்தில் இருப்பவருக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பவருக்கு உண்டு. நம் பக்கத்தில் பேட்ச் வைப்பவர்கள் பலர் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள். இரண்டுமே காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். போய்வரவே அரை நாள் ஆகிவிடும், அங்கே காத்துக்கிடப்பது தனி.

அவ்வளவு தூரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளூர் சலூனில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் நமக்குப் பங்காளியாகவோ பள்ளித் தோழனாகவோ இருப்பார்.

முழுக்க வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும், முழுக்க சலூனிடம் விட்டுவிடுவதும் இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கழற்றுவது, கழுவுவது, டேப் மாற்றி ஒட்டுவது ஆகிய மூன்றையும் இதே வரிசையில் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். முடி வெட்டுவது, கலர் போடுவது, கிளிப் தைப்பது இவற்றைச் சலூனுக்கு விடுங்கள். மூன்றில் ஒன்றுதான் பழக முடியும் என்றால் கழற்றுவதைப் பழகுங்கள். சலூனுக்கே போகிறவராக இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு சாவு விழுந்து, மூத்த மகன் தலை மழிக்க வேண்டி வரலாம். ராத்திரியில் பேட்சுக்கு அடியில் தாங்க முடியாத அரிப்பு வரலாம். டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதித் தரலாம். உலோகக் கிளிப் தைத்த பேட்சோடு அந்த அறைக்குள் போகவே கூடாது. அன்றைக்குப் பார்த்துச் செவ்வாய்க்கிழமையாக இருந்தால் சலூனும் பூட்டியிருக்கும்.

முதலில், தலையில் இருப்பது என்ன?

பல பேருக்குத் தாங்கள் என்ன பேஸ் வைத்திருக்கிறோம் என்பதே தெரியாது. பராமரிப்பு முழுவதும் அதைப் பொறுத்துத்தான். சலூனில் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் மூன்று வகை. மோனோ என்பது கொஞ்சம் விறைப்பான, நுண்ணிய வலை. ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டுவதற்காக பாலியூரித்தேன், சுருக்கமாக பாலி, பட்டை இருக்கும். மூன்றில் அதிக நாள் உழைப்பது இதுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு மேலும் வரும். லேஸ் என்பது மெல்லிய துணி வலை. காற்றோட்டம் நன்றாக இருக்கும், நெற்றி ஓரம் இயற்கையாகத் தெரியும். ஆனால் மென்மையானது, சில மாதங்களில் முடியை வலையில் கட்டியிருக்கும் முடிச்சு தளர்ந்து முடி உதிரத் தொடங்கும். ஸ்கின் என்கிற பாலி பேஸ், மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரி. டேப் ஒட்டவும் துடைக்கவும் மிகச் சுலபம். வியர்வை வெளியேற வழியில்லை. இந்த மூன்றையும் கலந்தும் செய்வார்கள்: முன்பக்கம் லேஸ், நடுவில் மோனோ, சுற்றிலும் பாலி.

முதல் தடவை வைப்பவராக இருந்து, வீட்டிலும் பராமரிக்க எண்ணம் இருந்தால், ஓரத்தில் பாலி பட்டை உள்ள மோனோ எடுங்கள். சுத்தம் செய்யும்போது கை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் தாங்கும். நெற்றி ஓரம் லேஸ் அளவுக்கு அழகாக வராது. தலைமுடியை முன்பக்கம் விழுகிற மாதிரி சீவிக்கொண்டால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

டேப்பால் ஒட்டுவதா, பேட்சில் தைத்த கிளிப்பைச் சொந்த முடியில் மாட்டுவதா என்பது அடுத்த கேள்வி. கிளிப் வகையைத் தினமும் ராத்திரி கழற்றி வைத்துவிடலாம், தலைக்கும் ஓய்வு. பக்கவாட்டில் சொந்த முடி அடர்த்தியாக இருந்தால்தான் கிளிப் நிற்கும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் கிளிப் பிடித்து இழுத்தால் அந்த இடத்தில் இருக்கும் முடியும் போய்விடும். கிளிப் வைப்பவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை அதன் இடத்தை அரை அங்குலமாவது மாற்றித் தைக்கச் சொல்ல வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டியவை

இரண்டு பக்கமும் ஒட்டும் ஹேர் டேப் ஒரு சுருள். கடையில் "புளூ டேப்" என்று கேட்டால் தெரியும். முதலில் பழகுவதற்கு அதுவே போதும். சிட்ரஸ் எண்ணெயில் செய்த ரிமூவர் ஸ்பிரே. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஸ்கால்ப் புரொடெக்டர் என்கிற திரவம், இது டேப்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாக நிற்கும். சல்பேட் இல்லாத ஷாம்பூ, கண்டிஷனர். பல் அகலமான சீப்பு ஒன்று, வால் சீப்பு ஒன்று, முடியை ஒதுக்கிப் பிடிக்க நாலைந்து கிளிப், பழைய டூத் பிரஷ், டிரிம்மர், தெர்மாகோல் தலை ஒன்று.

ஆல்கஹால் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். மருந்துக் கடையில் 70 சதவீதம்தான் சுலபமாகக் கிடைக்கும். அதில் மீதி தண்ணீர். துடைத்தபின் ஈரம் நிற்கும், டேப் பிடிக்காது. கைக்குப் போடும் சானிடைசர் அதைவிட மோசம், பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும். 99 சதவீதம் ஆன்லைனில் கிடைக்கும். அதுவும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிப்பவை. சாமி அறை, அடுப்பங்கரை, ஊதுபத்தி எரிகிற இடம் எதற்கும் பக்கத்தில் திறக்காதீர்கள்.

இன்னொன்று, இரண்டு கண்ணாடி. நம் வீட்டு முகப்பில் ஆளுயரத்துக்கு மேலே சாய்வாகத் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி இந்த வேலைக்கு உதவாது. முகத்துக்கு நேரே சுவரில் ஒன்று, பின்னந்தலையைப் பார்க்கக் கையில் ஒன்று, அவ்வளவுதான்.

புது டேப்போ புது பசையோ வாங்கினால் ஒரு சின்னத் துண்டை முன்கையின் உள்பக்கம் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிலருக்கு இந்தப் பசைகளில் இருக்கும் அக்ரிலேட் ஒத்துக்கொள்ளாது. கையில் தடித்தால் தலையிலும் தடிக்கும்.

கழற்றுவது

அவசரமில்லாத ஒரு நாளில் செய்து பழகுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேண்டாம்.

தலை காய்ந்திருக்க வேண்டும். முன்பக்க முடியை எல்லாம் பின்னால் தள்ளிக் கிளிப் போடுங்கள். நெற்றியின் குறுக்கே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் ரிமூவர் கண்ணுக்குள் வழியாது. பேட்சின் ஓரத்தில், டேப் இருக்கும் கோட்டின் மேலே ரிமூவரைத் தெளித்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாரும் பொறுமை இழந்து இழுத்துப் பார்ப்பார்கள். லேஸ் கிழிவதும் தோல் உரிவதும் அப்போதுதான்.

அப்புறம் வால் சீப்பின் கைப்பிடி முனையை ஒரு ஓரத்தில் மெதுவாக நுழைத்துப் பாருங்கள். தானாக விட்டுக்கொடுத்தால் மேலே போங்கள். தடுத்தால் அந்த இடத்தில் இன்னும் நாலு சொட்டு. டூத் பிரஷில் ரிமூவரைத் தொட்டு, தோலுக்கும் டேப்புக்கும் இடையில் தடவிக்கொண்டே வந்தால் ஓரம் முழுதும் கழன்றுவிடும். முடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், பேஸைப் பிடித்துத் தூக்குங்கள்.

ரிமூவர் கையில் இல்லாத நேரத்தில் தேங்காயெண்ணெய் போதும். ஓரமெல்லாம் தாராளமாக ஊறவிட்டு அரை மணி நேரம் பொறுத்தால் பசை நெகிழ்ந்துவிடும். பேட்சைக் கழுவ அப்புறம் கூடுதல் பாடு இருக்கிறது, ஆனாலும் அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பாலி பேஸைக் கரைத்துவிடும்.

கழற்றியதும் தலையைப் பாருங்கள். லேசான சிவப்பு இருந்தால் ஒரு நாளில் அடங்கும். சீழ்க் கொப்புளம், வட்டமாகப் படரும் தடிப்பு, நீர் கசியும் புண் இருந்தால் அது ஆறும்வரை எதையும் ஒட்டக் கூடாது. தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பேட்ச் வைப்பதைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் தரும் மருந்து குறி தப்பும்.

கழுவுவது

பேட்சைத் தலைகீழாக ஒரு துண்டின் மேல் விரித்து, பழைய டேப்பை உரியுங்கள். டேப் போனாலும் பசை மிச்சம் இருக்கும். அதன் மேல் ரிமூவர் விட்டு, பத்து நிமிடம் கழித்து டூத் பிரஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் முடிச்சு தளரும். லேஸ் பேஸ் என்றால் பசை வலைக்கண்ணுக்குள் இறங்கி முடி வேரில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பசை போனதும் முடியின் சிக்கை நுனியிலிருந்து மேலாக எடுங்கள். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூவைக் கலக்கி, பேட்சை அதில் முக்கி, மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். வேட்டி அலசுவதுபோல் கும்முவது கூடாது. ரிமூவரின் எண்ணெய்ப் பிசுக்கு பேஸில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அடுத்த டேப் பிடிக்காது. விரலால் பேஸைத் தேய்த்தால் கீச்சென்று வர வேண்டும். வழுக்கினால் இன்னொரு முறை கழுவுங்கள். கண்டிஷனரை முடியின் நடுவிலிருந்து நுனி வரை மட்டும் தடவுங்கள். பேஸில் பட்டால் முடிச்சு நெகிழ்ந்து முடி கொட்டும்.

தண்ணீரும் முக்கியம். உப்பில்லாத சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த காரைக்குடிக்காரர்கள் எல்லாத் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவோம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பேட்ச் முடி சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும். நம் முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை வரும். பேட்ச் முடிக்கு அது கிடையாது, நாம் கொடுப்பதுதான். உங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி என்றால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு செம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டில் ஒற்றியெடுத்து, தெர்மாகோல் தலையில் மாட்டி, நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயில் கூடவே கூடாது. கூட்டுக் குடும்ப வீட்டில் வளவுத் தாழ்வாரத்தில் தெர்மாகோல் தலையை வைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவது

இதுதான் கை பழக வேண்டிய வேலை. முதல் சில தடவை கோணலாகத்தான் வரும். நண்பரோ மனைவியோ கூட நின்று பின்பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தால் பாதிச் சிரமம் குறையும்.

விடிகாலையில் செய்யுங்கள். வியர்க்காத நேரம் வேண்டும். பழைய செட்டிநாட்டு வீடாக இருந்தால் உள்ளறை ஏ.சி. இல்லாமலே காலையில் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்புச் சுவர் அதைப் பார்த்துக்கொள்ளும். காங்கிரீட் வீடென்றால் ஏ.சி.யைப் போட்டு, உடம்பு ஆறிய பிறகு தொடங்குங்கள்.

பேட்ச் உட்காரும் இடத்தில் முளைத்திருக்கும் முடியை டிரிம்மரால் ஒட்ட எடுங்கள். பிளேடு போட்டால் கீறல் விழும், கீறலில் ஆல்கஹால் பட்டால் எரியும். தலையை எண்ணெய் இல்லாத ஷாம்பூவால் கழுவி, நன்றாக உலர்ந்தபின் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை துடைக்க வேண்டும். அடுத்து ஸ்கால்ப் புரொடெக்டர் ஒரு பூச்சு. அது காயும்வரை தொடாதீர்கள்.

அது காயும் நேரத்தில் டேப்பை வெட்டலாம். பேட்சைத் தலைகீழாக வைத்து, ஓரத்தின் வளைவுக்கு ஏற்றபடி சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டுங்கள். ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி வேண்டாம், அங்கேதான் தண்ணீர் புகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது, அங்கே மேடு தட்டும். பேஸ் விளிம்பை விட்டு டேப் வெளியே நீட்டினால் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடு தெரியும். ஒட்டியதும் சீப்பின் கைப்பிடியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

முன்பக்கம் எங்கே ஆரம்பிப்பது? புருவத்துக்கு மேல் நான்கு விரல் வைத்துப் பார்ப்பது பழைய கணக்கு. முகத்துக்கு முகம் மாறும் என்றாலும் தொடங்குவதற்கு அது போதும். அதைவிடக் கீழே இறக்கினால் இருபது வயதுப் பையனின் நெற்றி வரும், நாற்பத்தைந்து வயது முகத்துக்குப் பொருந்தாது. சரியான இடம் கிடைத்ததும் வெள்ளை ஐலைனர் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

எல்லா டேப்பின் மேல் தாளையும் ஒரேயடியாக உரிப்பதுதான் புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம். முன்பக்கத் தாளை மட்டும் உரியுங்கள். புள்ளியில் முன் விளிம்பின் நடுவை வைத்து, இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நேராக இருக்கிறது என்று தெரிந்தபின் பக்கவாட்டுத் தாள், கடைசியில் பின்பக்கம். உங்கள் சொந்த முடி அடியில் மாட்டிக்கொள்ளாமல் வால் சீப்பால் எடுத்துவிடுங்கள். மாட்டினால் நாள் முழுக்கச் சுருக்கென்று இழுக்கும். எல்லாம் உட்கார்ந்ததும் சீப்பின் தட்டையான பக்கத்தால் சுற்றிலும் நன்றாக அழுத்துங்கள்.

அதிலிருந்து 24 மணி நேரம் தண்ணீர், வியர்வை, ஹெல்மெட் எதுவும் வேண்டாம்.

திரவப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கோஸ்ட் பாண்ட் போன்ற பசைகளை மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் பால் நிறத்திலிருந்து கண்ணாடிபோல் ஆகும்வரை காத்திருந்துதான் அடுத்தது. லேஸ் முன்பக்கத்துக்கு அது அழகாக நிற்கும். ஆனால் டேப்பில் கை திருந்தாமல் அதற்குப் போகாதீர்கள். பசை படாத இடத்தில் பட்டுவிட்டால் மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

நம் ஊர் வெயில், நம் ஊர் எண்ணெய்

டேப் நான்கு வாரம் வரும் என்று உறையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நல்ல பருவத்தில் இரண்டு, மூன்று வாரம். கத்திரி வெயிலில் பத்து நாளில் மாற்றிவிடுவது நல்லது. ஓரத்தில் டேப் வெள்ளையாகக் குழைந்து தெரிந்தால் அது மாற்ற வேண்டிய நேரம். அடியில் வாடை வர ஆரம்பித்தால் அந்த நேரம் தாண்டிவிட்டது. இங்கேதான் வீட்டில் பழகியவருக்கு லாபம். மே மாதத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை மதுரைக்கு பஸ் ஏறுகிறவர் யார்? ஏற முடியாமல் ஐந்து வாரம், ஆறு வாரம் என்று இழுத்து, தலையைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

வெயில் முடியின் நிறத்தையும் தின்னும். வாங்கும்போது கருகருவென்று இருந்தது இரண்டு மாதத்தில் செம்பட்டை தட்டும், பக்கவாட்டில் உங்கள் முடி கறுப்பாகவே நிற்கும். வெளியே போகும்போது குடையோ தொப்பியோ எடுத்துக்கொள்வதைத் தவிர இதற்குப் பெரிய மருந்தில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எண்ணெயும் டேப்பும் சேராது. எண்ணெய் வேண்டுமென்றால் பேட்ச் மாற்றும் நாளைச் சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு கழற்றி, சனி காலை எண்ணெய் தேய்த்து ஆற அமரக் குளித்து, அன்று முழுக்கத் தலையைச் சும்மா விட்டு, ஞாயிறு விடிகாலை இரண்டு முறை ஷாம்பூ போட்டு ஒட்டலாம். தோலுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். தீபாவளிக்கும் இதே கணக்குதான். பேட்ச் முடிக்குச் சீயக்காயும் அரப்பும் வேண்டாம், சிக்கு விழும்.

ஊருணியில் முங்கிக் குளிப்பது, நீச்சல் எல்லாம் புது டேப்புக்கு ஆகாது. ஹெல்மெட் போடும்போது உள்ளே மெல்லிய பருத்தித் துணியோ குல்லாவோ போட்டு, முன்னிருந்து பின்னாக மாட்டுங்கள். எடுக்கும்போது நேர் மேலே தூக்குங்கள். முன் ஓரம் கிளம்புவதற்குப் பாதிக் காரணம் ஹெல்மெட்.

தைப்பூசத்துக்குப் பழநிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் பேட்சை வீட்டில் வைத்துவிட்டே கிளம்பலாம். நாள்கணக்கில் நடை, வியர்வை, வழியில் கிடைக்கிற இடத்தில் குளியல். எந்த டேப்பும் அதற்காகச் செய்ததில்லை. அங்கே போய் முடி காணிக்கை கொடுப்பதாக வேண்டுதல் இருந்தால் இன்னும் நல்லது, தலை சுத்தமாகிவிடும். பழநியிலும் திருப்பதியிலும் இறக்கும் முடி ஏலம் போய், கடைசியில் விக்காகவும் பேட்சாகவும் மாறுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கித் தலையில் வைத்திருப்பது யாரோ ஒருவருடைய காணிக்கையாகவும் இருக்கலாம்.

சலூனுக்கு விட வேண்டியவை

புது பேட்ச் வாங்கியதும் அதில் முடி ஆறு அங்குலம் வரை ஒரே நீளமாக இருக்கும். அதைத் தலையில் ஒட்டி, உங்கள் பக்கவாட்டு முடியோடு கலக்கும்படி வெட்டுவது கைதேர்ந்தவர் வேலை. தவறாக வெட்டினால் திரும்ப வளராது. இந்த ஒரு நாளுக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். கலரும் அப்படியே. பேஸில் சாயம் இறங்கினால் நெற்றியில் கறை மாதிரி தெரியும்.

அளவெடுப்பதும் நிறம் தேர்வதும் சலூனில்தான். ஆனால் அவர்கள் காட்டுவதை அப்படியே ஏற்க வேண்டாம். நம்மவர்கள் பெரும்பாலோருக்கு '1பி' என்கிற சற்றே தணிந்த கறுப்பு பொருந்தும். '1' என்கிற சுத்தக் கறுப்பு வெயிலில் மை பூசியதுபோல் தெரியும். பக்கவாட்டில் நரை இருந்தால் 1பி10, 1பி20 என்று கேளுங்கள். பின்னால் இருக்கும் எண் நரையின் சதவீதம். அடர்த்தி அதிகம் கேட்காதீர்கள். காசு கொடுக்கிறோம், நிறைய முடி வாங்குவோம் என்று தோன்றும். டோப்பா என்று ஊர் கண்டுபிடிப்பது அந்த அடர்த்தியை வைத்துத்தான்.

சர்வீஸுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது சில. மழிப்பதற்குப் புது பிளேடு உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா? பேட்சை உள்ளே எடுத்துப்போய்க் கழுவுகிறார்கள் என்றால், முன்னதாகவே உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது உங்களுடையதுதானா என்று பார்க்க அது உதவும். கழற்றும்போது ரிமூவர் ஊற நேரம் விடுகிறார்களா, அவசரத்தில் உரிக்கிறார்களா? உரிக்கிற கடையில் பேட்சின் ஆயுள் பாதியாகிவிடும். புது பேட்ச் விற்பதும் அதே கடைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

நல்ல கடைக்காரர் என்றால் "வீட்டில் டேப் மாற்றப் பழகுகிறேன், ஒரு தடவை காட்டுங்கண்ணே" என்று நேராகவே கேளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் போனில் வீடியோ எடுக்கவே விடுவார்கள். அந்த இரண்டாவது ஆள் கிடைத்தால் விடாதீர்கள், அடுத்த பேட்சும் அவரிடமே வாங்குங்கள்.

காசுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறுகிறது, உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு பேச்சுக்கு, சர்வீஸ் ஒன்று 1,000 ரூபாய், போய்வரச் செலவு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனால் ஆண்டுக்குப் பதினேழு தடவை, 23,800 ரூபாய். வீட்டில் செய்தால் டேப், ரிமூவர், ஆல்கஹால், ஷாம்பூ மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொள்ள சலூனுக்குப் போவதைச் சேர்த்தாலும் பெரிய தொகை மிச்சமாகும்.

அந்த மிச்சத்தை இரண்டாவது பேட்சில் போடுங்கள் என்பேன். இரண்டு இருந்தால் ஒன்று தலையில், ஒன்று கழுவிக் காய்கிறது. மாற்றும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும், ஈரம் காயக் காத்திருக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு தலையோடு அலுவலகம் போக நேரும்.

இத்தனையும் படித்துவிட்டு, உங்களுக்கு இந்த வேலையில் மனம் ஒட்டவில்லை என்றால் சலூனே போதும், தப்பில்லை. கை நடுக்கம், கண் பார்வைக் குறைவு இருப்பவர்களும், ஏற்கெனவே தோல் அலர்ஜி வந்தவர்களும் தனியாக ஒட்டிப் பழகாமல் இருப்பதே நல்லது. ஆனால் வீட்டில் ஒரு பாட்டில் ரிமூவரும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த இன்னொரு ஆளும் இருக்கட்டும்.

எப்போது தூக்கிப்போடுவது

சீப்பில் ஒவ்வொரு நாளும் முடி வருவது, வகிட்டில் பேஸ் தெரிவது, பாலி மஞ்சளித்து விறைப்பது, லேஸ் முன் ஓரத்தில் நூல் பிரிவது இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அந்த பேட்ச் முடிந்தது. ஒட்டுப் போட்டு இழுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் அளவுக்கென்று தனியாகச் செய்யச் சொன்னால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதல் அறிகுறி தெரிந்த உடனே அடுத்ததைச் சொல்லி வையுங்கள். பழசைத் தூர எறியாமல் தெர்மாகோல் தலையில் மாட்டி வைத்தால், டேப் வெட்டவும் புதுப் பசையைச் சோதித்துப் பார்க்கவும் அது இன்னும் ஒரு வருடம் உழைக்கும்.